கருவாட்டின் சிவப்பு

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டியும், பரங்கிப்பேட்டைக்கு அருகே அன்னங்கோயில், கிள்ளைப் பக்கத்து முடசலோடை போன்ற ஊர்களிலும் கருவாடு போடுகிறவர்களுக்கு மழைக்காலம் என்றால் ஒரு பயம் உண்டு. வெயில் தட்டுப்படாது. உப்பு தடவி அடுக்கிய மீன் ஈரம் போகாமல் புழுங்கிக் கிடக்கும். அப்படிக் கிடந்ததைப் பிரித்துப் பார்த்தால் சில சமயம் மேலே இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு படர்ந்திருக்கும், தொட்டால் வழவழக்கும். அந்தச் சரக்கு விலைபோகாது. மீன் கெடாமல் இருக்கத்தான் உப்பு போட்டது. அந்த உப்பிலேயே ஏதோ ஒன்று குடியேறி மீனைச் சிவக்க வைத்திருக்கிறது.

இதே சிவப்பு கனடாவின் காட் மீன் வியாபாரிகளையும் வாட்டியிருக்கிறது. அங்கே ஹாரிசன், கென்னடி என்ற இரு ஆய்வாளர்கள் சிவந்துபோன உப்பு மீனிலிருந்து காரணமான நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1922இல் விவரித்தார்கள். இன்று அதன் பெயர் ஹாலோபாக்டீரியம் சாலினேரம். பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் அது பாக்டீரியா அல்ல. ஆர்க்கியா என்கிற தனிக் குலத்தைச் சேர்ந்தது. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். இதற்கு அது போதாது. நூற்றுக்கு 25 பங்கு உப்பு இருக்கிற நீரில்தான் செழித்து வளரும். கடலூருக்கு வடக்கே மரக்காணம், தெற்கே வேதாரண்யம் என்று இரு பக்கமும் உப்பளங்கள் உள்ள கரை நம்முடையது. பாத்தியில் நீர் முற்றி உப்பு பூக்கும் கட்டத்தில், மற்ற உயிர்கள் எல்லாம் செத்து ஒதுங்கிய இடத்தில், இந்த வகை உயிர்கள்தான் பெருகும்.

வெளிச்சம் இருந்து, நீரில் ஆக்சிஜன் குறைந்துபோகும்போது இந்த உயிர் ஒரு வேலை செய்கிறது. தன் உடலைச் சுற்றியுள்ள சவ்வில் ஊதா நிறத் திட்டுகளை வளர்த்துக்கொள்கிறது. அந்த ஊதா நிறத்துக்குக் காரணம் ஒரே ஒரு புரதம், பெயர் பாக்டீரியோரோடாப்சின். 248 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, நடுவில் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு. நம் விழித்திரையில் ஒளியைப் பிடிப்பதும் அதே ரெட்டினால்தான். வெளிச்சம் படும்போதெல்லாம் இந்தப் புரதம் செல்லுக்குள்ளிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். வெளியே சேர்ந்த அயனிகள் திரும்ப உள்ளே பாயும் வேகத்தில் செல்லுக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கிறது. பச்சையமே இல்லாமல் வெயிலைச் சாப்பிடும் வித்தை இது.

இந்தப் புரதத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்தால் என்ன செய்வது? என் மனத்தைப் பல காலமாகப் பிடித்திருக்கும் கேள்வி இதுதான். ஏனென்றால் இது ஊதாப் புரதத்தோடு முடிகிற கேள்வி அல்ல. எந்த உயிரை எடுத்துக்கொண்டாலும் அதன் புரதங்களில் ஏறத்தாழ கால்பங்கு சவ்வில் புதைந்து கிடப்பவை. நரம்பில் மின்துடிப்பு ஓடுவதும், சிறுநீரகம் தண்ணீரை மீட்பதும், நாக்கு காரத்தை உணர்வதும் அவற்றால்தான். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பாதிக்கு மேல் போய் ஒட்டுவதும் சவ்வுப் புரதங்களின் மேல்தான். அத்தனை முக்கியமான இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் உயிர்வேதியியலில் ஆகக் கடினமான வேலைகளுள் ஒன்று.

கஷ்டம் எங்கே என்று பார்ப்போம். முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம் தண்ணீரில் கரையும். சங்கிலி சுருண்டு மடியும்போது எண்ணெய்ப் பசையுள்ள பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டு, தண்ணீரோடு ஒட்டும் பகுதிகளை வெளியே காட்டும். அப்படிப்பட்ட புரதத்தைப் பிரிப்பது ஓரளவு எளிது. வண்ணப்பிரிகை என்று பள்ளியில் படித்திருப்போம். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் இலைச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். பச்சை, மஞ்சள் என நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிந்து இறங்கின. 1906இல் அவர் அதற்கு இட்ட பெயரின் பொருள் நிற எழுத்து என்பதாகும். இன்று குழாயில் சுண்ணாம்புக்குப் பதில் நுண்ணிய ரெசின் மணிகள். சில மணிகள் மின்னேற்றம் பார்த்துப் பிடித்துவைக்கும். சில, அளவு பார்த்து முன்பின்னாக அனுப்பும். எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: ஊற்றுகிற புரதம் நீரில் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும்.

சவ்வுப் புரதத்தால் அது முடியாது. அது வாழ்வதே எண்ணெயில். செல்லின் சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டடுக்காக நின்று கட்டிய சுவர். அதில் புதைந்திருக்கும் புரதம், தண்ணீரைத் தொடும் இரு முனைகளைத் தவிர, தன் இடுப்பைச் சுற்றி எண்ணெய்க்கு ஏற்ற தோலைப் போர்த்தியிருக்கிறது. சுவரிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் போட்டால் அந்தத் தோல் எங்கே ஒளிவதென்று தெரியாமல் பக்கத்துப் புரதத்தின் தோலோடு போய் ஒட்டும். எலுமிச்சை பிழிந்த பால்போல எல்லாம் திரிந்து கட்டியாகும். அந்தக் கட்டியைக் குழாயில் ஊற்றினால் குழாய்தான் அடைபடும்.

ஊதாப் புரதத்தின் விஷயத்தில் மட்டும் இயற்கை கொஞ்சம் இரக்கம் காட்டியது. கருவாட்டுக் குழம்பு வைக்கிறவர்கள் முதலில் கருவாட்டை ஊறவைத்து அலசுவார்கள், உப்பு இறங்குவதற்காக. சிவந்த கருவாடாக இருந்தால், அலசும்போதே அந்த நுண்ணுயிரின் செல்கள் வெடித்துவிடும். உப்பில் வாழப் பழகிய உடல் நல்ல தண்ணீரைத் தாங்காது. சான் பிரான்சிஸ்கோவில் டீட்டர் ஊஸ்டர்ஹெல்ட்டும் வால்டர் ஸ்டோக்கனியுஸும் செய்த வேலையின் முதல் படியும் அடிப்படையில் அதுவே. உப்பில் வளர்ந்த செல்களை உப்பில்லாத நீருக்கு மாற்றினார்கள். செல்கள் சிதைந்தன. ஆனால் ஊதாத் திட்டுகள் மட்டும் சிதையாமல் தாள்தாளாக மிதந்து வந்தன. சர்க்கரைக் கரைசலில் வைத்து மையவிலக்கியில் சுழற்றினால் அவை தனி வளையமாக ஒரு மட்டத்தில் நிற்கும். அந்தத் தாளில் முக்கால் பங்கு புரதம், மீதி கொழுப்பு. அதிலும் ஒரே புரதம், தேன்கூட்டின் அறைகள்போல ஒழுங்காக அடுக்கப்பட்டது. 1971இல் இது வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஹென்டர்சனும் நைஜல் அன்வினும் புரதத்தைச் சவ்விலிருந்து எடுக்காமலே, அந்தத் தாளை அப்படியே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் ஏழு தூண்களை 1975இல் கண்டார்கள். ஒரு சவ்வுப் புரதத்தின் உருவை மனிதக் கண் பார்த்தது அப்போதுதான் முதல் முறை.

மற்ற சவ்வுப் புரதங்கள் இப்படித் தாளாக மிதந்து வருவதில்லை. அவற்றுக்கு வேண்டியது சோப்பு.

சோப்பு என்றதும் சலவைக் கட்டி நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கதைக்கு நம் வீட்டுச் சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் இன்னும் பொருத்தம். அவற்றை நுரைக்க வைப்பது சபோனின் என்ற பொருள். ஒரு முனையில் சர்க்கரை, மறுமுனையில் எண்ணெய்ப் பாங்கான உடல். சர்க்கரை முனை தண்ணீரைப் பிடிக்கும், எண்ணெய் முனை அழுக்கைப் பிடிக்கும். டிஜிடாலிஸ் செடியின் விதையிலிருந்து கிடைக்கும் டிஜிட்டோனின் என்ற சபோனினைச் சவ்வுப் புரதங்களைக் கரைக்க ஆய்வகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. பூந்திக்கொட்டையின் உறவுக்காரர் என்றே சொல்லலாம். இன்று மிகுதியாகப் புழங்குவது டோடெசில் மால்டோசைடு. பெயர்தான் பயமுறுத்தும். அதன் தலை மால்டோஸ், அதாவது முளைகட்டிய தானியத்தில் இருக்கும் சர்க்கரை. அதன் வால் 12 கார்பன் நீளமுள்ள சங்கிலி. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதியாக இருக்கும் லாரிக் அமிலத்தின் வாலும் அதே நீளம்தான். ஷாம்பூவில் சேரும் சோடியம் லாரைல் சல்பேட்டுக்கும் வால் அதுவே. தலை மட்டும் வேறு. அந்தத் தலைதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. சல்பேட் தலை மின்னேற்றம் கொண்டது, முரடு. புரதத்தின் மடிப்புகளைப் பிரித்துப் போட்டுவிடும். சர்க்கரைத் தலை சாது. புரதத்தின் உருவைக் கலைக்காமல் இடுப்பைச் சுற்றி மட்டும் உட்கார்ந்துகொள்ளும். அதன் விலைதான் சாது அல்ல: ஒரு கிராமுக்கே ஆயிரக்கணக்கில் ரூபாய்.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் செல்களை உடைக்க வேண்டும். அழுத்தத்தாலோ ஒலி அலையாலோ. உடைந்ததும் செல்லுக்குள்ளிருந்த புரதம் வெட்டும் நொதிகள் அவிழ்ந்து எல்லாவற்றையும் தின்னத் தொடங்கும். அதனால் அவற்றை முடக்கும் மருந்துகளைச் சேர்த்து, வேலை முழுவதையும் 4 டிகிரிக் குளிரில் செய்வார்கள். மே மாதச் சிதம்பரத்தில் வெளியே தார் உருகிக்கொண்டிருந்தாலும் இதைச் செய்கிறவர் குளிர் அறைக்குள் ஸ்வெட்டரோடுதான் நிற்க வேண்டும். மெதுவாகச் சுழற்றினால் உடையாத செல்களும் குப்பையும் அடியில் போகும். மேலே நிற்கும் கலங்கலைப் புவியீர்ப்பைப்போல் 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றினால் சவ்வுகள் எல்லாம் குழாயின் அடியில் பழுப்பாக, பாகுபோல் ஒட்டிக் கிடக்கும். அதை எடுத்து உப்பு மிகுந்த கரைசலாலோ காரத்தாலோ கழுவுவார்கள். சவ்வின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த புரதங்கள் கழன்று போகும், புதைந்தவை போகா.

அடுத்துதான் அந்தச் சோப்பு, அதாவது டிடர்ஜென்ட். நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்து, நுரை எழாமல், ஒன்றிரண்டு மணி நேரம் மெல்ல உருட்டிக்கொண்டே இருப்பார்கள். பால்போல் இருந்த கலவை கண்ணெதிரே தெளியும். சவ்வின் கொழுப்புகள் ஒவ்வொன்றாக டிடர்ஜென்ட் மூலக்கூறுகளுக்கு இடம் விட்டு விலகும். புரதத்தின் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு இருந்த இடத்தில் டிடர்ஜென்ட் வளையம் ஒன்று அமரும். அந்த வளையத்தோடு புரதம் முதன்முறையாகத் தண்ணீரில் நடமாடும். தெளிந்ததாலேயே கரைந்துவிட்டது என்று நம்பிவிட முடியாது. மறுபடியும் அதே 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்ற வேண்டும். அதன் பிறகும் அடியில் இறங்காமல் மேலேயே நிற்பதுதான் கரைந்தது, இறங்கியதெல்லாம் கரையாதது. இந்தச் சோதனையைத் தாண்டியதை மட்டும்தான் பிரிகைக் குழாய்க்குக் கொண்டுபோகலாம்.

அங்கேயும் ஒரு கண்ணி காத்திருக்கிறது; புதிதாகக் கற்கிறவர்கள் அடிக்கடி இதில்தான் மாட்டுவார்கள். டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்ந்தால்தான் உருண்டையாகக் கூடி நிற்கும். அந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர். டோடெசில் மால்டோசைடுக்கு அந்த அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம். அதற்குக் கீழே போனால் கூட்டம் கலையும், புரதத்தைச் சுற்றிய வளையமும் உதிரும். நன்றாகக் கரைந்த புரதத்தை டிடர்ஜென்ட் இல்லாத வெறும் பஃபர் கரைசல் ஓடும் குழாயில் ஏற்றினால், போகிற வழியிலேயே டிடர்ஜென்ட் நீர்த்துப்போய், இத்தனை பாடுபட்டதெல்லாம் ரெசினுக்குள் கட்டியாகி நின்றுவிடும். அதனால் குழாயைக் கழுவும் நீரிலும் டிடர்ஜென்ட், புரதத்தை வெளியேற்றும் நீரிலும் டிடர்ஜென்ட், கடைசிச் சொட்டுவரை டிடர்ஜென்ட். மின்னேற்றம் பார்த்துப் பிரிக்கும் குழாய்க்கு மின்னேற்றமுள்ள டிடர்ஜென்ட் ஆகாது. புரதம் உட்கார வேண்டிய இடத்தில் அதுவே உட்கார்ந்துவிடும். அளவு பார்த்துப் பிரிக்கும் குழாயில் புரதம் தன் உண்மையான எடையைக் காட்டாது. இடுப்பு வளையத்தையும் சேர்த்துக்கொண்டு பெரிய ஆளாக இறங்கும்.

எந்தப் புரதத்துக்கு எந்த டிடர்ஜென்ட் என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் கிடையாது. போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதாப் புரதம் இந்த விஷயத்திலும் உதவிக்கு வருகிறது: உருக்குலையாத வரை ஊதாவாக இருக்கும், குலைந்தால் ரெட்டினால் கழன்று மஞ்சளாகிவிடும். குழாயில் இறங்கும்போதே உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். மற்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. அதற்காக 2006இல் கவாட்டேயும் கூவோவும், ஜெல்லி மீனின் பச்சை ஒளிப் புரதத்தைச் சவ்வுப் புரதத்தின் வாலில் ஒட்டி, குழாயில் அது எப்படி இறங்குகிறது என்று ஒளியை வைத்தே பார்க்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். சுத்தம் செய்யாத துளிச் சாற்றிலேயே பத்து டிடர்ஜென்ட்டுகளைப் பரீட்சித்துவிடலாம்.

கரையாமல் போவதும் சில நேரம் வரம். பால்டிமோரில் பீட்டர் ஏக்ரே 1980களில் ரத்தச் சிவப்பணுவின் சவ்விலிருந்து ரத்த வகையோடு தொடர்புள்ள ஆர்எச் புரதத்தைப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தார். கூடவே 28 கிலோடால்டன் எடையில் வேண்டாத புரதம் ஒன்று வந்துகொண்டே இருந்தது. வழக்கமான நீலச் சாயம் அதில் சரியாகப் பிடிக்காது என்பதால் அதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. ஒரு குறிப்பிட்ட டிடர்ஜென்ட்டில் மற்றவை எல்லாம் கரைய, இது மட்டும் கரையாமல் நின்றது. அந்தப் பிடிவாதத்தையே பயன்படுத்தி அதைச் சுத்தமாக்கினார்கள். சிவப்பணு ஒன்றில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பிரதிகள். இவ்வளவு மிகுதியாக இருக்கும் ஒன்று என்னதான் செய்கிறது? 1992இல் தவளையின் முட்டைச் செல்லில் அந்தப் புரதத்தை உருவாக்கவைத்து உப்பு குறைந்த நீரில் போட்டார்கள். சில நிமிடங்களில் முட்டை ஊதி வெடித்தது. புரதம் இல்லாத முட்டை அப்படியே கிடந்தது. உயிரியலாளர்கள் தேடிக்கொண்டிருந்த தண்ணீர் வாசல் அதுதான். அக்வாபோரின் என்று பெயர் பெற்றது. 2003இல் ஏக்ரேக்கு நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. ஒரு மாதிரியைத் தயாரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கு என்று தூக்கி எறிந்திருந்தால்?

சிதம்பரத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு கண்ணி உண்டு. 1952இல் வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தபோது அவருடைய தந்தை ஊரில் இல்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரில் நொதியியலாளர் டேவிட் கிரீனின் ஆய்வகத்தில் இருந்தார். பின்னாளில் அதே கிரீனின் கூடத்தில்தான் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியச் சவ்வைப் பித்த உப்புகளால் கரைத்து, சுவாசச் சங்கிலியை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். பித்த உப்பு என்பது நம் குடலில் நெய்யைக் கரைக்கும் அதே பொருள். மகன் இயற்பியலில் பட்டம் பெற்று, உயிரியலுக்கு மாற முடிவுசெய்து, சான் டியேகோவில் சவ்வுப் புரத ஆய்வாளர் மொரிசியோ மொண்டாலிடம் சில காலம் இருந்தார். பிறகு யேலுக்குப் போய், செல்லில் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமைக் கையில் எடுத்தார். 2009இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காக.

ரைபோசோம் சவ்வில் வாழ்வதில்லை, நீரில் மிதக்கும். ஆனால் சவ்வுப் புரதங்களையும் தயாரிப்பது அதுதான். எப்படித் தயாரிக்கிறது என்பதைத்தான் நான் நினைத்து நினைத்து வியக்கிறேன். சங்கிலியின் முதல் எண்ணெய்ப் பகுதி வெளியே எட்டிப் பார்த்ததுமே, காவலுக்கு நிற்கும் ஒரு துணைத் துகள் அதைப் பிடித்து, ரைபோசோமையே இழுத்துக்கொண்டுபோய்ச் சவ்வின் வாசலில் பொருத்திவிடும். மீதிச் சங்கிலி நேராக அந்த வாசலுக்குள் நுழைந்து, பக்கவாட்டில் திறக்கும் கதவு வழியே கொழுப்புக்குள் இறங்கும். பிறந்த நொடியிலிருந்து அதைத் தண்ணீரில் தனியாக நிற்கவே விடுவதில்லை செல். ஆய்வகத்தில் நாம் கேட்பது அதற்கு நேர்மாறானதை.

அதனால் இப்போது சிலர் பாதி வழியில் செல்லோடு சமாதானம் செய்துகொள்கிறார்கள். புரதத்தை மட்டும் எடுக்காமல், அதைச் சுற்றியுள்ள சவ்வையும் வட்டமாக வெட்டி எடுக்கும் பாலிமர் ஒன்றை 2009 முதல் பயன்படுத்துகிறார்கள். வயலில் நாற்றை வேர்மண்ணோடு பெயர்ப்பதுபோல. இன்னொரு வழி, டிடர்ஜென்ட்டில் எடுத்த புரதத்தை, புரத வளையம் பூட்டிய சிறு கொழுப்பு வட்டத்துக்குள் திரும்பக் குடியேற்றுவது. நானோ வட்டு என்பார்கள்.

மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற சவ்வுப் புரதத்தை 1997இல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் குழு. 2013இல் அதன் உருவம் தெரிந்தது. 2016இல் ஜூலியஸும் யிஃபான் செங்கும் அதே புரதத்தை டோடெசில் மால்டோசைடில் கரைத்து, நானோ வட்டுக்குள் ஏற்றி, குழாயில் அளவு பார்த்துப் பிரித்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். காரப் பொருளான கேப்சைசின் வந்து அமரும் குழியில், மிளகாய் இல்லாத வேளையில், சவ்வின் கொழுப்பு மூலக்கூறு ஒன்று உட்கார்ந்திருந்தது. அது இருக்கும்வரை வாசல் மூடியிருக்கும். கருவாட்டுக் குழம்பின் காரம் நாக்கில் ஏறும்போது, கேப்சைசின் அந்தக் கொழுப்பை எழுப்பிவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது.